இரட்டைப் பிடிக் கத்திகள்: போர்வீரர் கல்லறை அல்ல

நண்பரே, ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்து யோஹானிஸ் கல்லறைத் தோட்டத்தில் நீங்கள் எடுத்த படத்தைப் பார்த்தேன். கல்லறைக் கல்மேல் பதித்த வெண்கலத் தகட்டில் குறுக்காக வைத்த இரண்டு கத்திகள் இருப்பதால், அங்கே புதைக்கப்பட்டவர் போர்வீரரா என்று கேட்டிருக்கிறீர்கள். கத்தியின் இரு முனையிலும் பிடி இருப்பதைக் கவனியுங்கள். வாளுக்கு அப்படி இருக்காது. மரக்கட்டைமேல் தோலை விரித்து, இரு கையாலும் பிடித்து முடியையும் சதையையும் வழிக்கிற கத்தி அது. ஆக, அவர் தோல் பதனிடுபவர்.

அங்கே கற்கள் எல்லாம் ஒரே அளவில் படுத்துக் கிடக்கும். பணக்காரர், ஏழை வித்தியாசம் கல்லில் தெரியாது. அதனால்தான் குடும்பங்கள் தங்கள் அடையாளத்தையெல்லாம் இந்தச் சின்னத் தகட்டில் கொட்டியிருக்கிறார்கள். ரொட்டிக்காரருக்குப் பிரெட்சல் என்ற முறுக்கிய ரொட்டி, தையற்காரருக்குக் கத்தரிக்கோல். எனக்கு இவை பிரபுக்களின் பளிங்குச் சிலைகளைவிட அழகு. 1528-ல் இறந்த ஓவியர் ட்யூரரும் இதே தோட்டத்தில்தான் இருக்கிறார்.

ஒன்று மட்டும்: தகட்டில் உள்ள ஆண்டை இறந்த ஆண்டாக எழுதிவிடாதீர்கள். பலர் உயிரோடு இருக்கும்போதே தனக்கும் மனைவிக்கும் வாரிசுகளுக்கும் சேர்த்துத் தகடு செய்து வைத்தார்கள். எழுத்து தேய்ந்திருந்தால், வெயில் சாய்வாக விழும் நேரத்தில் மறுபடி படமெடுங்கள். கல்லில் உள்ள எண்ணும் படத்தில் வரட்டும், அப்புறம் தேட அது உதவும்.