வெள்ளணு 9,200 என்றால் அப்பெண்டிக்ஸ் இல்லையா?

வயிற்றுநோவுள்ள தம்பியின் இரத்தத்தில் வெள்ளணு 9,200, அது சாதாரண அளவுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த எண்ணை மட்டும் வைத்து அவருக்கு அப்பெண்டிக்ஸ் (குடல்வால் அழற்சி) இல்லை என்று முடிவெடுக்க வேண்டாம்.

வயிற்றுநோ தொடங்கி நாலு மணித்தியாலத்தில் இரத்தம் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள், எண் கூடாமல் இருக்க அதுவும் காரணமாக இருக்கலாம். அழற்சி கொஞ்சம் முற்றிய பிறகுதான் வெள்ளணு 10,000ஐத் தாண்டும், அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற இரத்தப் பரிசோதனை அதைவிடப் பிந்தித்தான் ஏறும், சிலருக்குக் கடைசிவரை ஏறாமலும் போகும்.

ரிப்போர்ட்டில் நியூட்ரோஃபில் (வெள்ளணுவில் ஒரு வகை) வீதத்தையும் பாருங்கள், மொத்த வெள்ளணு சரியாக இருக்க இது மட்டும் 75 வீதத்துக்கு மேல் நிற்பதுண்டு. அப்புறம் தம்பியை ஒருதரம் இருமச் சொல்லுங்கள். தொப்புளடியில் இருந்த நோ வலப்பக்க அடிவயிற்றுக்கு இறங்கி, இருமும்போது அங்கேயே சுள்ளென்று குத்தினால் நிலாவெளியில் இருந்து விடியும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் இப்பவே ஓட்டோ பிடித்துத் திருகோணமலை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். (சாப்பாடு கொடுக்க வேண்டாம், ஒப்பரேஷன் என்றால் வெறும் வயிறு வேண்டும்.)

அப்பெண்டிக்ஸா என்று மதிப்பிட டொக்டர்மார் பார்க்கும் அல்வராடோ கணக்கில் மொத்தம் 10 புள்ளி, இரத்தத்துக்கு அதில் 3தான். மிச்சம் நோ இடம் மாறுவது, பசியின்மை, ஓங்காளம், காய்ச்சல், வயிற்றை அமத்திப் பார்ப்பது ஆகியவற்றுக்கு. வெள்ளணு எண் கூடினாலும் அப்பெண்டிக்ஸ்தான் என்றில்லை, சலத்தில் கிருமி இருந்தாலும் ஏறும், அதனால் சலப் பரிசோதனையும் ஸ்கேனும் கேட்பார்கள்.

நோ திடீரென்று விட்டுப்போனால் சுகம் என்று நினைக்காதீர்கள், வெடித்தாலும் அப்படித்தான் கொஞ்ச நேரம் இருக்கும்.