செபு தீவில் இரண்டு வருஷம்: மிஷனரி வாழ்க்கை பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன்

நான் கோயம்புத்தூர்க்காரன். 2013 மே முதல் 2015 மே வரை பிலிப்பைன்ஸில் மார்மன் மிஷனரியாக இருந்தேன், பெரும்பாலும் செபு தீவில். வெள்ளைச் சட்டை, டை, நெஞ்சில் கறுப்புப் பெயர் அட்டை, இரண்டிரண்டு பேராக வெயிலில் நடந்து போவார்களே, அவர்களில் ஒருவன். போன வாரம் பேச்சுவாக்கில் இதைச் சொல்லப்போக ஆளாளுக்குக் கேள்வி. தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை, மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். யாரையும் சபையில் சேர்க்க வரவில்லை. அந்த வேலையை இரண்டு வருஷம் முழுநேரமாகச் செய்து ஓய்ந்தாயிற்று.

அண்ணா, மார்மன் என்றால் யார்? நாலைந்து கல்யாணம் செய்துகொள்வார்களே, அவர்களா?

இந்தக் கேள்வி முதலில் வரும் என்று தெரியும். 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் ஆரம்பித்த சபை, தலைமையகம் யூட்டாவில் சால்ட் லேக் சிட்டி. பைபிளோடு மார்மன் புத்தகம் என்று இன்னொரு வேதநூலும் உண்டு, பட்டப்பெயர் அதிலிருந்து வந்தது. முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 2018இல் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் 'இனி மார்மன் என்று சொல்லாதீர்கள்' என்று கேட்டுக்கொண்டார். முழுப்பெயரைச் சொன்னால் உங்களுக்குப் புரியாது என்பதால் இங்கே மட்டும் மன்னிக்கட்டும். பலதார மணத்தை விடுவதாக 1890இலேயே அறிவித்துவிட்டார்கள். இன்று யாராவது செய்தால் சபையை விட்டு நீக்குவார்கள்.

ஊரை நீங்களே தேர்ந்தெடுத்தீர்களா? சம்பளம் எவ்வளவு?

விண்ணப்பத்தில் எந்த ஊர் வேண்டும் என்ற கட்டமே கிடையாது. உடல் பரிசோதனை, பல் டாக்டர் சான்று, உள்ளூர்த் தலைவர்களின் நேர்காணல், எல்லாவற்றையும் அனுப்பிவிட்டுக் காத்திருந்தால் ஒருநாள் பெரிய வெள்ளை உறை வரும் (இப்போது மின்னஞ்சல்). எனக்கு வந்தபோது டிப்ளமோ முடித்து வீட்டில் இருந்தேன், வயது 19. செபு என்ற பெயரை அதற்கு முன்னால் கேட்டதில்லை. பெரியப்பா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'ரெண்டு வருஷத்தை வீணாக்கிட்டு வந்து என்ன பண்ணுவே?' என்றார். அதற்கு முந்தைய அக்டோபரில்தான் குறைந்தபட்ச வயதை ஆண்களுக்கு 19இலிருந்து 18 ஆகவும், பெண்களுக்கு 21இலிருந்து 19 ஆகவும் இறக்கியிருந்தார்கள். உலகம் முழுக்க 58 ஆயிரம் சொச்சம் இருந்த மிஷனரிகள் 2013 முடிவதற்குள் 83 ஆயிரம் ஆனார்கள். நான் அந்தக் கூட்டத்தோடு கூட்டமாகப் போனவன். ஆண்களுக்கு இரண்டு வருஷம், பெண்களுக்கு ஒன்றரை.

சம்பளமா? நாம்தான் கட்ட வேண்டும். அமெரிக்கக் குடும்பங்கள் அப்போது மாதம் 400 டாலர் கட்டின, 2020 ஜூலையிலிருந்து 500. செலவு அதிகமான நாட்டுக்குப் போனாலும் குறைவான நாட்டுக்குப் போனாலும் அதே தொகைதான், மொத்தமாக ஒரு நிதியில் போட்டுப் பங்கிடுகிறார்கள். எங்களைப் போன்ற குடும்பங்கள் முடிந்ததைக் கட்டினால் மீதியைப் பொது நிதி பார்த்துக்கொள்ளும். கைச்செலவுக்கு மாதாமாதம் ஒரு தொகை வரும். கடைசி வாரத்தில் அது டின் சார்டினும் வேகவைத்த வாழைக்காயுமாகச் சுருங்கிவிடும்.

ஒரு நாள் எப்படிப் போகும்? காலையிலிருந்து இரவு வரை சொல்லுங்கள்.

எழுந்திருப்பது 6:30. அரை மணி உடற்பயிற்சி, குளியல், சாப்பாடு. 8 மணிக்குத் தனியாகப் படிப்பு, 9 மணிக்குக் கூட்டாளியோடு படிப்பு, மொழி கற்பவன் என்பதால் எனக்கு அதற்கு மேல் இன்னொரு மணி நேரம். (போகிற வழியில் மணிலா பயிற்சி மையத்தில் ஆறு வாரம் செபுவானோ மொழி சொல்லிக்கொடுத்தார்கள். செபுவில் இறங்கின அன்று கடைக்காரம்மா பேசியதில் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.) பிறகு வெளியே. இரவு 9 மணிக்கு வீடு, 10:30க்கு விளக்கை அணைக்க வேண்டும். 2017இல் இந்த அட்டவணையைக் கொஞ்சம் தளர்த்தினார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது.

வெளியே என்றால் நடை. ஜீப்னியில் (அங்கே ஓடும் ஷேர் வண்டி) போகலாம், ஆனால் சந்துகளுக்குள் ஜீப்னி நுழையாது. அங்கே கதவைத் தட்டும் பழக்கம் இல்லை, வேலிக்கு வெளியே நின்று 'ஆயோ!' என்று குரல் கொடுக்க வேண்டும். நம்மூரில் 'வீட்டுல யாருங்க?' என்போமே, அதுதான். 'டயோன்' என்று பதில் வந்தால் உள்ளே போகலாம். பதில் வராமல் நாய் வந்தால் கிளம்ப வேண்டும். உள்ளே போனால் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போடுவார்கள். பக்கத்து வீட்டில் வீடியோகே வைத்து யாராவது உச்சஸ்தாயியில் பாடிக்கொண்டிருப்பார்கள், காலுக்கடியில் கட்டிப்போட்ட சண்டைச்சேவல் இருக்கும், இதற்கு நடுவில் ஜெபம், 40 நிமிஷப் பாடம். ஞாயிறு இரவு, அந்த வாரம் எத்தனை பாடம், புதிதாக எத்தனை பேர் என்ற கணக்கை பட்டன் போனில் குறுஞ்செய்தியாக அனுப்ப வேண்டும். எண்ணிக்கை மோசமான வாரங்களில் அந்தப் போனை யார் கையில் எடுப்பது என்று எங்களுக்குள் போட்டி.

திங்கள்கிழமை மட்டும் மாலை 6 மணி வரை சொந்த வேலை. துணி, மளிகை, முடிவெட்டு, வீட்டுக்குக் கடிதம். இரண்டு வருஷத்தில் எனக்கு மிக நன்றாக வந்த கலை வெள்ளைக் காலர் துவைப்பதுதான்: இரவே நனைத்து வைத்து, கட்டி சோப்பைக் காலர் மடிப்பில் நீளவாக்கில் தேய்த்து, பழைய பல்தேய்க்கும் பிரஷால் குறுக்குவாக்கில் தேய்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் மூன்றே மாதத்தில் மடிப்பு நைந்துவிடும்.

இந்தியன் என்று தெரிந்தபோது எப்படி நடத்தினார்கள்?

இதைத்தான் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன்.

பிலிப்பைன்ஸில் இந்தியர்களுக்குப் பொதுப்பெயர் 'பும்பாய்', அதாவது பம்பாய்க்காரன். பும்பாய் என்றாலே வட்டிக்குக் கொடுப்பவன் என்று அர்த்தம், ஏனென்றால் வட இந்தியாவிலிருந்து போன பலர் அங்கே தண்டல் தொழில் செய்கிறார்கள். அதற்கு 'ஃபைவ் சிக்ஸ்' என்று பெயர், ஐந்து வாங்கினால் ஆறாகத் திருப்ப வேண்டும். மோட்டார் சைக்கிளில் தினமும் வசூலுக்கு வருவார்கள். இப்போது நினைத்துப் பாருங்கள், கறுத்த ஒரு இந்தியன், தோளில் பை, கையில் குறிப்பேடு, மத்தியான நேரத்தில் வேலிக்கு வெளியே நின்று 'ஆயோ!' என்கிறான். தெருவே அடங்கிவிடும். ஒருமுறை சன்னலுக்குப் பின்னால் ஒரு பெண் தன் குழந்தையிடம் 'அம்மா வீட்டில் இல்லை என்று சொல்' என்று கிசுகிசுத்ததும், அது வெளியே வந்து 'அம்மா வீட்டில் இல்லையாம், அம்மா சொன்னாள்' என்றதும் அப்படியே நடந்தது.

ஒரு பாட்டி மூன்று மாதமாக என்னைப் பார்க்கும்போதெல்லாம் 'உக்மா நா லங்' என்றாள், நாளைக்கு வா என்று அர்த்தம். தட்டிக்கழிக்கிறாள் என்று நினைத்து நானும் விடாமல் போனேன். பிறகுதான் தெரிந்தது, அவள் மருமகன் நிஜமாகவே ஒரு பும்பாயிடம் கடன் வாங்கியிருந்தான், அவனுடைய ஆள் நான் என்று நினைத்திருக்கிறாள். விஷயம் தெரிந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாடமெல்லாம் கேட்கவில்லை, தீவிரக் கத்தோலிக்கர். ஆனால் அந்தத் தெருவில் எங்களுக்குத் தண்ணீர் கொடுப்பது அவள்தான். எனக்கு மாறுதல் வந்த அன்று ஒரு பை மாம்பழத்தைக் கொடுத்து 'இது முதல் தவணை' என்றாள்.

24 மணி நேரமும் கூடவே ஒருவர் இருப்பாராமே? சண்டை வராதா ப்ரோ?

வரும். கழிவறை, குளியல் தவிர மற்ற நேரமெல்லாம் கூட்டாளி கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். யார் கூட்டாளி என்பதை மிஷன் தலைவர் முடிவு செய்வார், ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஆளோ ஊரோ மாறலாம். ஒருவரையொருவர் 'எல்டர்' என்று குடும்பப் பெயரோடு சேர்த்துத்தான் கூப்பிட வேண்டும். எல்டர் என்றால் மூப்பர். மீசை சரியாக முளைக்காத மூப்பர்கள் நாங்கள். எனக்கு வந்தவர்களில் அமெரிக்காவின் ஐடஹோவிலிருந்து ஒருவன், வாளியும் கோப்பையுமாகக் குளிக்க அவனுக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

ஆனால் மறக்க முடியாதவன் லெய்ட்டே தீவுக்காரன். முதல் நாளிலிருந்தே எங்களுக்கு ஒத்துப்போகவில்லை, காரணம் மின்விசிறி. வீட்டில் ஒன்றே ஒன்று, அதைத் தலையாட்டாமல் தன் பக்கமே நிறுத்திவைப்பான். 2013 அக்டோபர் 15 காலை 8:12, நான் படித்துக்கொண்டிருக்கிறேன், மேஜை ஆடுகிறது. இவன்தான் காலாட்டுகிறான் என்று திட்டத் திரும்பினால் அவன் ஏற்கெனவே மேஜைக்கடியில் இருந்தான். பொஹோல் தீவை மையமாக வைத்து 7.2 அளவு நிலநடுக்கம், செபு நகரின் சாந்தோ நினோ பேராலயத்து மணிக்கூண்டு விழுந்தது அன்றுதான்.

நாலு வாரம்கூட முழுசாக ஆகவில்லை. நவம்பர் 8, யோலாண்டா புயல். லெய்ட்டேயைத்தான் நேராக அடித்தது. போன் கோபுரங்கள் எல்லாம் விழுந்துவிட்டன, அவன் வீட்டிலிருந்து எட்டு நாள் ஒரு தகவலும் இல்லை. சாதாரணமாக வீட்டுக்குப் போன் செய்ய அனுமதி கிடையாது, அந்த வாரம் முயற்சி செய்து பார்க்கச் சொன்னார்கள், அவனும் நாளுக்கு ஐம்பது தடவை அழுத்திப் பார்த்தான். பகலில் நாங்கள் மஞ்சள் மேலாடை போட்டுக்கொண்டு நிவாரண அரிசி மூட்டை கட்டினோம். இரவில் அவன் ஒன்றும் பேசாமல் மறுநாள் சட்டையை இஸ்திரி போடுவான், போட்டு முடித்ததையே மறுபடியும் போடுவான். நான் மின்விசிறியை அவன் பக்கம் திருப்பி வைத்தால் அவன் எழுந்து போய் அதை என் பக்கம் திருப்புவான். ஒன்பதாம் நாள் அவன் மாமாவிடமிருந்து குறுஞ்செய்தி: 'எல்லாரும் இருக்கிறோம். வீடு இல்லை.' படித்துவிட்டு அப்படிச் சிரித்தான். அன்றைக்கு நாங்கள் வெளியே போகவில்லை, அட்டவணையில் என்ன போட்டிருந்ததோ தெரியாது.

சாப்பாடு? காபி, டீ கிடையாது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. காபி, டீ, மது, புகையிலை நான்கும் கிடையாது. மிஷனரிக்கு மட்டுமில்லை, சபையில் எல்லாருக்கும் அதே விதி. எங்கள் வீட்டில் நான் சின்னப் பையனாக இருந்தபோதே நிறுத்திவிட்டார்கள், அதனால் எனக்கு இழப்பில்லை, அம்மாவைக் கேட்டால் வேறு கதை சொல்வார். செபுவில் அதற்குப் பதில் சிக்வாத்தே, கொக்கோ உருண்டையைக் கரைத்துக் காய்ச்சும் கெட்டியான பானம். அதோடு காலையில் 'புத்தோ மாயா' என்று ஒட்டரிசிச் சோறும் மாம்பழமும். புத்தோ என்ற பெயரைக் கேட்டதும் புட்டு ஞாபகம் வந்தது, மாம்பழத்தை அவர்கள் 'மங்கா' என்றதும் அசந்துபோனேன். நம் மாங்காய்தான், மலாய் வழியாக அங்கே போயிருக்கிறது. நெருப்பில்லாமல் புகையுமா?

பன்றி ரத்தக் குழம்பு கொடுத்தபோது ஐடஹோக்காரன் முகம் வெளுத்துவிட்டது. ஆட்டு ரத்தப் பொரியல் தின்று வளர்ந்த எனக்கு அதெல்லாம் ஒரு விஷயமே இல்லை, அவன் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டேன். பலூட் மட்டும் தோற்கடித்தது. குஞ்சு பாதி வளர்ந்த வாத்து முட்டை, இறகு நாக்கில் தட்டுப்படும். ஒருமுறை சாப்பிட்டேன், போதும்.

தம்பி, பையனை ஹாஸ்டலில் விட்டுவிட்டே என்னால் இருக்க முடியவில்லை. உங்கள் அம்மா எப்படி இருந்தார்? எப்போது பேசுவீர்கள்?

அக்கா, வருஷத்துக்கு இரண்டே தடவை. கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். மற்றபடி வாரம் ஒரு மின்னஞ்சல். அதுவும் பிசோநெட் கடையில், ஒரு பெசோ காசைப் போட்டால் சில நிமிஷம் ஓடும் கணினி, காசு தீர்ந்தால் பாதி வாக்கியத்தில் திரை அணைந்துவிடும். அம்மாவுக்கு ஆங்கிலம் தட்டச்சு வராது, தங்கைதான் எழுதுவாள், அம்மா சொன்னதில் பாதியை வெட்டிவிட்டு எழுதுவாள் என்று பிறகு தெரிந்தது. 2019 பிப்ரவரியிலிருந்து வாரம் ஒருமுறை வீடியோவில் பேசலாம் என்று மாற்றினார்கள். சேதி கேட்டு அம்மா சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் 'அப்ப எனக்கு மட்டும் ஏன்?' என்று ஒருநாள் முழுக்க முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடல், சினிமா, காதல்?

கடலில் குளிக்கக் கூடாது. எந்தப் பக்கம் பார்த்தாலும் கடல் தெரியும் தீவில் இரண்டு வருஷம் இருந்து, கணுக்கால்வரைகூட நனைக்காமல் திரும்பியவன் நான். சினிமா, டிவி கிடையாது. காதல் கண்டிப்பாகக் கிடையாது. ஊரில் காதலியை விட்டு வந்தவர்களுக்கு ஏழெட்டு மாதத்தில் ஒரு திங்கள்கிழமை 'இனி வேண்டாம்' என்ற அந்தக் கடிதம் வரும், கடையில் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். திரும்பும் நாள் நெருங்கி வேலையில் மனம் ஒட்டாமல் இருப்பவனை 'ட்ரங்கி' என்போம், மனதளவில் பெட்டி கட்டிவிட்டான் என்று.

நேரடியாகக் கேட்கிறேன். ஏழைகளைத் தேடிப்போய் மதம் மாற்றுவது சரியா?

கேட்க வேண்டிய கேள்விதான். அரிசியோ பணமோ காட்டி ஆள் சேர்க்கக் கூடாது, எங்கள் கையிலும் அதற்குப் பணமில்லை. ஆனால் வெள்ளைக்காரக் கூட்டாளியோடு போனால் திறக்கும் கதவுகள் நான் பிலிப்பினோ கூட்டாளியோடு போனால் திறக்காது, அதைப் பார்க்காத மாதிரி இருக்க முடியாது. ஆலய வளாகத்துக் கூடைப்பந்து மைதானத்துக்காக வந்த பையன்களும் உண்டு. நான் சம்பந்தப்பட்ட ஞானஸ்நானம் மொத்தம் பதினொன்று, அதில் இன்றும் போகிறவர்கள் நான்கு பேர் என்று தெரியும். அந்த நாட்டில் சபைப் பதிவேட்டில் 8 லட்சம் பேருக்கு மேல் இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை நாற்காலிகளில் அத்தனை பேர் இருப்பதில்லை. எண்ணிக்கைக்காக அவசரப்படுத்திய ஒரு குடும்பம் உண்டு, அதை நினைத்தால் இன்றும் சங்கடம். நான் இன்னும் சபைக்குப் போகிறேன். வீட்டு வாசலில் யாராவது துண்டுப்பிரசுரத்தோடு வந்து நின்றால், எந்த மதமாக இருந்தாலும் சரி, தண்ணீர் கொடுத்துவிட்டு வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறேன். 'நாளைக்கு வாங்க' என்பது மட்டும் வேண்டாம்.

திரும்பி வந்ததும் வேலைக்கு அந்த இரண்டு வருஷத்தை எப்படிச் சொன்னீர்கள்?

அப்படியே எழுதினேன். மூன்று இடத்தில் 'கேப் இருக்கே' என்று அனுப்பிவிட்டார்கள். நாலாவது இடத்தில் நேர்காணல் செய்தவர் நிமிர்ந்து உட்கார்ந்து, 'வீடு வீடாவா? டார்கெட் இருக்குமா? முடிச்சீங்களா?' என்று கேட்டார். வாரம் இருபது பாடம் என்பது இலக்கு, பதினொன்று பன்னிரண்டுதான் நடக்கும் என்று உண்மையைச் சொன்னேன். அன்றே வேலை கிடைத்தது. தண்ணீர் சுத்திகரிப்பு எந்திரம் விற்பது, மறுபடியும் வெள்ளைச் சட்டை, டை, தோளில் பை.