அர்ஜென்டினா கால்பந்தின் இரண்டாம் பிரிவில் கோல் அடிக்கும் பையன்கள் ஏன் சீக்கிரமே ஐரோப்பாவுக்குப் போய்விடுகிறார்கள்?

இரண்டாம் பிரிவு என்பது நாட்டின் முதல்தர லீகுக்கு அடுத்த படி. முன்னணியில் முடிக்கும் அணிகள் மேலே ஏறும், மேலிருந்து சறுக்கிய அணிகள் இங்கே வந்து சேரும். இங்குள்ள கிளப்புகளுக்கு டிக்கெட் காசும் டிவி பணமும் போதாது. வீரர்களை விற்றுத்தான் கடனைச் சமாளிக்க வேண்டும். நாற்றுப் பண்ணை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: காய் பறிப்பது வாங்கியவர் தோட்டத்தில்.

முன்கள வீரர் பவுலோ டிபாலாவையே எடுத்துக்கொள்வோம். லகுனா லார்கா என்ற சின்ன ஊர்க்காரர். அப்பா இறந்தபின், கோர்டோபா நகரின் இன்ஸ்டிட்யூட்டோ கிளப் விடுதியிலேயே தங்கி வளர்ந்தார். 2011 ஆகஸ்டில், 17 வயதில், அப்போது இரண்டாம் பிரிவில் இருந்த அதன் சீனியர் அணியில் இறங்கினார். அந்த ஒரே சீசனில் 38 ஆட்டம், 17 கோல். கிளப்பின் மிக இளம் கோல்காரர் என்ற சாதனை அதுவரை மரியோ கெம்பஸிடம் இருந்தது, 1978 உலகக் கோப்பையின் நாயகன்! அதையும் பையன் தட்டிப் பறித்தார். 2012இல் இத்தாலியின் பலெர்மோ அவரை வாங்கிக்கொண்டது. அர்ஜென்டினாவின் முதல் பிரிவில் அவர் அதுவரை ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை.

சரி, இரண்டாம் பிரிவு என்றால் எதிரே நிற்பவர்கள் சொத்தை அணிகள், கோல் சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அதே சீசனில் அங்கே ஆடி, பட்டம் வென்று மேலே ஏறிய அணி, நாட்டின் மிகப் பெரிய கிளப்புகளில் ஒன்றான ரிவர் பிளேட்.