குறைக்குட்டி போட்ட ஆடும் விட்டு விட்டு வரும் காய்ச்சலும்

கேள்வி: வீட்டில் 2 பசுவும் 6 ஆடும் நிற்கின்றன. போன மாதம் ஒரு மறி மாதம் நிரம்ப முன்னரே செத்த குட்டி போட்டது. இளங்கொடி விழவில்லை, நான்தான் கையால் இழுத்து எடுத்தேன். இப்போது 3 கிழமையாகப் பின்னேரத்தில் காய்ச்சல், இரவில் உடுப்பு நனைகிற வியர்வை, நாரி நோ. பனடோல் போட்டால் விடுகிறது, பிறகும் வருகிறது. ஆட்டிலிருந்து தொற்றியிருக்குமா?
- வாசகி, கரவெட்டி

பதில்: தொற்றியிருக்கலாம் அக்கா, இனிப் பனடோலோடு நாளைக் கடத்தாதீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் முதலில் நினைவுக்கு வருவது புருசெல்லோசிஸ். குட்டியைக் குறை மாதத்தில் வெளியே தள்ளுகிற கிருமி அது, இளங்கொடியிலும் பனிநீரிலும்தான் ஏராளமாக இருக்கும், விரலில் ஒரு சின்னக் கீறல் இருந்தாலே உள்ளே போய்விடும். கியூ காய்ச்சல் என்று இன்னொன்றும் இருக்கிறது, அது காய்ந்த கழிவின் தூசியை மூச்சில் எடுத்தாலே வரும். எது என்று இரத்தப் பரிசோதனைதான் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் காய்ச்சல், நாரி நோ என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். ஆடு குட்டி போட்டதையும் கையால் கொடி எடுத்ததையும் நீங்களாகவே சொல்லுங்கள், ஏனென்றால் கேட்காத டொக்டரும் உண்டு, மூட்டு வருத்தம் என்று மாதக்கணக்கில் மருந்து எடுத்தவர்களும் உண்டு. புருசெல்லோசிஸ் என்றால் பொதுவாக 6 கிழமை மருந்து, இடையில் சுகமாகிவிட்டது என்று நிறுத்தினால் திரும்ப வரும்.

அந்த ஆட்டை விற்காதீர்கள், கால்நடை வைத்தியரைக் கூப்பிட்டு இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள். இளங்கொடியை உமலில் கட்டி ஆலமரத்தில் தூக்குவது எங்கள் ஊர் வழக்கம்தான், ஆனால் காகமும் நாயும் இழுத்துத் திரிகிறதைப் பார்த்திருப்பீர்கள், குறை மாதத்தில் விழுந்ததையாவது கையுறை போட்டு ஆழக் கிடங்கு வெட்டிச் சுண்ணாம்பு போட்டுத் தாழுங்கள். வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் அந்தப் பக்கமே விட வேண்டாம். பாலைப் பொங்கக் காய்ச்சினால் பயமில்லை, கறந்த சூட்டோடு பச்சையாகக் குடிக்கிற பழக்கம்தான் ஆபத்து.

கேள்வி: எலிக்காய்ச்சல் வயலில் இறங்குகிறவர்களுக்குத்தானே வரும்? நான் மாடு மட்டும்தான் வளர்க்கிறேன்.
- வாசகர், சாவகச்சேரி

பதில்: இல்லை. மாட்டின் சலத்திலும் அந்தக் கிருமி போகும். மழைக்கு ஊறிக் கிடக்கிற கொட்டிலில் வெறுங்காலோடு சாணி அள்ளுகிறவரும் வயலில் நிற்கிறவரும் ஒன்றுதான். 2024 மார்கழியில் யாழ்ப்பாணத்தில் இந்தக் காய்ச்சலால் எத்தனை உயிர் போனது! காலில் பூட்ஸ் போடுங்கள், புண் இருந்தால் மூடிக் கட்டுங்கள். மழைக்காலத்தில் கிழமைக்கு ஒருமுறை எடுக்கிற டொக்சிசைக்கிளின் என்கிற தடுப்பு மருந்து பற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் நொந்து கண் சிவந்தாலோ சலம் குறைந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி, விடியட்டும் என்று இருக்க வேண்டாம்.