கடல், மழை, காலநிலை: ஆறு வயதுக்கும் அறுபதுக்கும் பாடப்பொருள் எங்கே கிடைக்கும்?

தேவகோட்டைக்குப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் எல்லாருக்கும் ‘டீச்சர் ஆச்சி’. ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் வீட்டு வளவில் ஒரு வகுப்பு நடத்துகிறார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை முதல் கல்லூரிப் பெண்கள் வரை வருகிறார்கள். வேடிக்கை பார்க்க வந்து அப்படியே உட்கார்ந்துவிடும் எழுபது வயதுக்காரர்களும் உண்டு. அவர் கேட்பது: “கடல், வானிலை, காலநிலை பற்றிச் சொல்லித்தர ஆசை. இணையத்தில் தேடினால் ஆயிரம் வருகிறது, முக்கால்வாசி ஆங்கிலம். எதை நம்புவது என்று தெரியவில்லை. காசு கொடுத்து வாங்க வழியில்லை. எல்லா வயதுக்கும் ஆனது ஒரே இடத்தில் கிடைக்குமா?”

ஒரே இடத்தில் கிடைக்காது, ஆச்சி. ஆனால் நாலைந்து இடம் தெரிந்தால் போதும், ஏறக்குறைய எல்லாமே இலவசம். அந்த இடங்களைச் சொல்வதற்கு முன்னால் நான் ஒருமுறை விழித்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பல வருஷத்துக்கு முன்பு ஒரு பள்ளியில் பருவங்களைப் பற்றிப் பேசப் போயிருந்தேன். கையில் வெளிநாட்டுத் தளத்திலிருந்து இறக்கிய அழகான வண்ணத் தாள். வசந்தம், கோடை, இலையுதிர்காலம், பனிக்காலம்; மூலையில் ஒரு பனிமனிதன் வேறு. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, “சார், இதுல ஐப்பசி எங்க வருது?” என்றான். என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து எந்தப் பாடப்பொருளைக் கையில் எடுத்தாலும் முதலில் அதனிடம் இந்தக் கேள்வியைத்தான் கேட்கிறேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வட இந்தியாவை மனதில் வைத்து எழுதிய பாடத்தில் மழை என்றால் ஜூன் முதல் செப்டம்பர். நமக்கோ வருஷத்து மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. இதனால் வரும் குழப்பத்துக்கு நல்ல உதாரணம் எல் நினோ. பசிபிக் பெருங்கடலின் நடுவிலும் கிழக்கிலும் மேற்பரப்பு நீர் வழக்கத்தைவிடச் சூடாகிற நிலை அது. ‘எல் நினோ வந்தால் இந்தியாவில் மழை குறையும்’ என்று பாதிப் புத்தகங்கள் ஒரே வரியில் முடித்துவிடும். தென்மேற்குப் பருவமழைக்கு அது பெரும்பாலும் பொருந்தும். நம்முடைய வடகிழக்குப் பருவமழையோ எல் நினோ ஆண்டுகளில் நன்றாகப் பெய்யும் வாய்ப்புதான் அதிகம். 2015 வலுவான எல் நினோ ஆண்டு. அந்த டிசம்பரில் சென்னை மூழ்கியது. எல் நினோ ஓய்ந்துவிட்ட 2016-இன் கடைசியில் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்து, ஊரணிகள் வறண்டன. இந்த இரண்டு வருஷத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு வகுப்பு எடுங்கள். கல்லூரிப் பெண்களுக்கு அது ஒன்றே ஒரு மாதத்துக்குப் போதும். அவர்களுக்கு இன்னும் தீனி வேண்டுமானால் இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பக்கமும் கிழக்குப் பக்கமும் மாறி மாறிச் சூடாகிற ‘இருமுனை நிலை’யைத் தேடச் சொல்லுங்கள்.

சரி, எங்கிருந்து தொடங்குவது? இணையத்திலிருந்து அல்ல, ஒரு பாட்டிலிலிருந்து. இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலின் கழுத்தை வெட்டி, புனல்போலத் தலைகீழாக உள்ளே செருகுங்கள். அடிப்பாகம் கோணலாக இருக்கும். அதனால் கூழாங்கல் போட்டு, பக்கவாட்டு நேராகும் இடம்வரை தண்ணீர் ஊற்றி, அங்கே பூஜ்யம் என்று கோடு போடுங்கள். அதற்கு மேலே மில்லிமீட்டர் அளவுகோலை ஒட்டினால் மழைமானி தயார். ஒரே ஒரு எச்சரிக்கை: இதை வளவு முற்றத்தில் வைத்துவிடாதீர்கள். நம் செட்டிநாட்டு வீடுகளில் நாலு பக்கத்து ஓட்டுச் சரிவும் முற்றத்தைப் பார்த்துத்தான் இறங்கும். அங்கே வைத்தால் வானத்து மழையோடு கூரைத் தண்ணீரும் தெறித்து விழுந்து கணக்கைக் கெடுக்கும். மொட்டை மாடி அல்லது மரமில்லாத கொல்லைதான் சரி.

தினமும் காலை 8.30 மணிக்குப் படித்து எழுதுங்கள். இந்திய வானிலை ஆய்வுத் துறையும் 24 மணி நேர மழையை அதே நேரத்தில்தான் கணக்கெடுக்கிறது. அதன் சென்னை மண்டல மையம் வெளியிடும் அன்றாடப் பட்டியலில் காரைக்குடி, தேவகோட்டை என்று ஊர்ப் பெயரோடு அளவு வரும். உங்கள் பாட்டில் 22 காட்டும், பட்டியல் 9 சொல்லும். ‘நம்மது தப்பா?’ என்று பிள்ளைகள் கேட்பார்கள். தப்பில்லை, இடி மழை தெருவுக்குத் தெரு மாறும். அந்த வித்தியாசத்தைப் பேசித் தீர்ப்பதே நல்ல பாடம். செய்தியில் ‘கனமழை’ என்றால் என்ன என்பதும் அப்போது பிடிபடும்: ஒரு நாளில் 64.5 மில்லிமீட்டர் தொட்டால்தான் கனமழை, 115.6 தொட்டால் மிகக் கனமழை, 204.5 தொட்டால் அதிகனமழை. பெரிய பிள்ளைகளிடம் பெருக்கல் கொடுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 40 மில்லிமீட்டர் பெய்தால் சுமார் 3,700 லிட்டர், அதாவது கிட்டத்தட்ட 250 குடம். முற்றத்து மூலையில் அண்டா வைத்துப் பிடித்த ஆயாக்களுக்கு இந்தக் கணக்கு எழுதாமலே தெரிந்திருந்தது.

கூடவே ஊரணிப் படிக்கட்டையும் கணக்கில் சேருங்கள். தண்ணீருக்கு மேலே தெரியும் படிகள் எத்தனை என்று வாரம் ஒருமுறை ஒரு சின்னப் பிள்ளை எண்ணி வந்து சொல்லட்டும். ஒரு நாள் மழை வானிலை. பத்து ஐப்பசிக்கு எத்தனை படி நனைந்தது என்பதில்தான் காலநிலை தெரிய ஆரம்பிக்கும். முப்பது வருஷச் சராசரி என்கிற வரையறையை அதற்குப் பிறகு சொன்னால் மண்டையில் ஏறும்.

இனி இணையம். கடலுக்கு முதல் இடம் ஐதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், சுருக்கமாக இன்காய்ஸ். சுனாமி எச்சரிக்கை மையம் இங்கேதான், 2007 முதல் இயங்குகிறது. அலை உயரம், கடல் வெப்பம், மீன் கிடைக்கும் வாய்ப்புள்ள பகுதி என்று தினசரி வரைபடங்கள் இருக்கின்றன. பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழம்வரை முங்கி, வெப்பமும் உப்பும் அளந்து மேலே வந்து செயற்கைக்கோளுக்குச் செய்தி அனுப்பும் ஆர்கோ மிதவைகளின் இந்தியத் தரவுகளும் அங்கேயே கிடைக்கும். உலகக் கடல்களில் இப்படிச் சுமார் 4,000 மிதக்கின்றன. பிள்ளைகள் இதை முக்குளிப்பான் பறவை மாதிரி என்று உடனே பிடித்துக்கொள்வார்கள். அந்த மையத்தின் பயிற்சிப் பிரிவு கல்லூரி மட்டத்தில் கடலியல் வகுப்புகள் நடத்துகிறது. என்பிடெல் என்கிற இலவச இணைய வகுப்புத் தளத்தில் ஐஐடி பேராசிரியர்களின் காணொளிகளும் உண்டு.

வெளிநாட்டுத் தளங்களை ஒதுக்கச் சொல்லவில்லை. பனிமனிதனை மட்டும் விட்டுவிடலாம். அமெரிக்க வானிலைச் சேவையின் ‘ஜெட்ஸ்ட்ரீம்’ இணையப் பள்ளி மேகம், இடி, புயல், கடல் எல்லாவற்றையும் அடியிலிருந்து விளக்குகிறது. எளிய ஆங்கிலம், கல்லூரிப் பெண்களிடம் ஆளுக்கு ஒரு பக்கம் தமிழாக்கக் கொடுத்துவிடலாம். அந்நாட்டு அரசுத் துறைகள் தாமே உருவாக்கியவற்றுக்குப் பெரும்பாலும் பதிப்புரிமை கிடையாது, நகலெடுக்கலாம். படத்துக்குக் கீழே வேறு யார் பெயராவது இருந்தால் மட்டும் கவனியுங்கள்.

நாசாவின் ‘வேர்ல்ட்வியூ’ எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது. தேதியை 2018 நவம்பர் 14 என்று வைத்து, ஒவ்வொரு நாளாக 16 வரை நகர்த்துங்கள். வங்கக் கடலில் வெள்ளைச் சுருள் ஒன்று நம்மை நோக்கி வரும். கஜா. 16-ஆம் தேதி அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறி, புதுக்கோட்டைப் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்துப் போட்ட அதே புயல். இதை ஒரு வகுப்பில் காட்டினபோது பேச்சே இல்லை. அப்புறம் ஒரு அம்மா, “இத்தூண்டா இருக்கு” என்றார். காற்றுக்கு ‘எர்த் நல்ஸ்கூல்’ பாருங்கள். உலகம் முழுக்கக் காற்றோட்டம் கோடுகோடாக ஓடும். ஜூலையில் ஒரு தேதி, நவம்பரில் ஒரு தேதி வைத்தால் காற்று திசை திரும்புவது கண்ணுக்கே தெரியும். இணையம் மெதுவாக இருந்தால் முந்தைய நாளே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சின்னப் பிள்ளைகளுக்குப் பிரதம் புக்ஸ் நடத்தும் ‘ஸ்டோரிவீவர்’. வாசிப்பு நிலை பிரித்த தமிழ்ப் படக்கதைகள். இறக்கலாம், அச்செடுக்கலாம், மொழிபெயர்க்கவும் அனுமதி உண்டு. அரவிந்த் குப்தாவின் தளத்தில் குப்பையிலிருந்து செய்யும் அறிவியல் பொம்மைகள் ஏராளம். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் சிறுவர் அறிவியல் இதழான ‘துளிர்’ இதழையும் விட்டுவிடாதீர்கள்.

தமிழில் தேடுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நம் பாடநூல்கள் போக, இலங்கை அரசின் தமிழ்வழிப் பாடநூல்களும் இணையத்தில் இலவசம். யாழ்ப்பாணத்துக்கும் நமக்கும் மழை தருவது அதே வடகிழக்குக் காற்றுதான், ஆகவே பாடம் அந்நியமாக இராது. சொற்கள்தான் வேறு: ‘வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி’ என்று எழுதுவார்கள், நாம் புயல் என்பதைச் சூறாவளி என்பார்கள். இரண்டு விதமாகவும் தேடிப் பாருங்கள். இங்கேயே காலநிலை, பருவநிலை, தட்பவெப்பநிலை என்று ஒரே பொருளுக்கு மூன்று சொல் புழங்குகிறது.

செலவில்லாத சோதனை ஒன்று உங்கள் வீட்டிலேயே கிடக்கும். மிச்சம் கிடக்கும் ஆத்தங்குடித் தரைக் கற்களில் கருப்பாக ஒன்று, வெளுப்பாக ஒன்று எடுத்து, பதினொரு மணி வெயிலில் ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு உள்ளங்கையால் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கருப்புக் கல் கையைச் சுடும். வெள்ளைப் பனி உருகி அடியிலிருக்கும் கருநிறக் கடல் நீர் வெளியே தெரிந்தால் பூமி ஏன் இன்னும் சூடாகிறது என்பதற்கு இதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை.

எழுபது வயதுக்காரர்களை மாணவர்களாக மட்டும் உட்கார வைக்காதீர்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன சேதி ஊருக்கு எப்படி வந்தது, பர்மாத் தேக்கு எந்தத் துறைமுகத்தில் இறங்கியதாகக் கேள்வி என்று கேட்டு, கைபேசியில் பதிவு செய்யட்டும் பிள்ளைகள். வாடை, கொண்டல், தென்றல், கோடை என்று காற்றுக்குத் திசைப்படி பெயர் சொல்லவும் அவர்களால்தான் முடியும். ஒருநாள் எல்லாரையும் பேருந்தில் ஏற்றித் தொண்டிக்குக் கூட்டிப் போங்கள். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். அடியில் கடற்புல் வெளி, அதை மேயும் கடற்பசு. மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். அதற்காகத் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரை 2022-இல் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள்.

நம்பகத்துக்கு ஒரே சோதனைதான்: தேதி, நேரம், வெளியிட்டவர் பெயர். இந்த மூன்றும் இல்லாத புயல் செய்தி வாட்ஸப்பில் யார் அனுப்பினாலும் வகுப்புக்குள் வர வேண்டாம். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் ‘மௌசம்’ செயலியைப் போட்டுக்கொண்டால் சரிபார்க்க ஒரு நிமிஷம்.

புரட்டாசி முடிவதற்குள் மழைமானியை மாடியில் ஏற்றிவிடுங்கள். பாட்டிலை நீங்களே வெட்டுங்கள், ஆச்சி. பிள்ளைகள் கையில் கத்தி வேண்டாம். வெட்டின விளிம்பில் ஒட்டுநாடா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் புனலை எடுக்கும்போது விரல் அறுபடாது.