கம்பெனி மாறினால் பி.எஃப். பணத்தை எடுத்துவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. ஊர் பேர்ணாம்பட்டு. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஆறு வருடம் தையல் பிரிவில் இருந்தேன். போன மாதம் வேறு கம்பெனிக்கு மாறிவிட்டேன். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 14,000 ரூபாய். பழைய பி.எஃப். கணக்கில் 1,70,000 இருக்கிறது. அதை எடுத்துத் தந்தால் மூணு வட்டி போட்டு மாதாமாதம் 5,100 தருவதாக எங்கள் தெருவில் ஒருவர் சொல்கிறார். கணவருக்கு வயது 38, ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். மகன் எட்டாம் வகுப்பு, மகளுக்கு 7 வயது. வீட்டுச் செலவு 20,000. குழு லோன் தவணை 2,600, இன்னும் எட்டு மாதம் பாக்கி. எல்லாம் போக மாதம் 4,000 மிஞ்சுகிறது. என்ன செய்யலாம்?
– பெயர் வேண்டாம், பேர்ணாம்பட்டு.

பதில்: சகோதரி, பி.எஃப். பணத்தை எடுக்காதீர்கள். மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

ஆம்பூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம் பக்கமெல்லாம் தோல் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள் மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை கம்பெனி மாறுவது சகஜம். மாறும்போதெல்லாம் பி.எஃப்.பை வழித்து எடுத்துவிடுவதும் சகஜமாகிவிட்டது. ‘பி.எஃப். எடுத்துத் தரப்படும்’ என்று பிரவுசிங் சென்டர்களில் எழுதி ஒட்டியிருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இருபத்தைந்து வருடம் உழைத்தவர் 58 வயதில் கையில் ஒன்றும் இல்லாமல் நிற்பதற்கு என் அனுபவத்தில் முதல் காரணம் இதுதான். சம்பளம் குறைவு என்பதுகூட அடுத்த காரணம்தான்.

கணக்கைப் பாருங்கள். பி.எஃப். வட்டி 2024-25-ம் ஆண்டுக்கு 8.25 சதவீதம். இதே வட்டி தொடர்ந்தால், இனி ஒரு ரூபாய்கூடப் போடாவிட்டாலும் இந்த 1,70,000 உங்கள் 58 வயதில் 11 லட்சத்தைத் தாண்டும். வட்டி 7 சதவீதமாகக் குறைந்தாலும் எட்டரை லட்சம் வரும். புது கம்பெனியில் பிடிப்பது இதற்கு மேல் சேரும்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. பி.எஃப். பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள். உங்கள் பங்கு, கம்பெனி பங்கு என்று இரண்டு வரிசை இருக்கும். மூன்றாவதாக பென்ஷன் என்று ஒரு வரிசையும் இருக்கும். கம்பெனி கட்டும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் அங்கேதான் போகிறது. மொத்தம் பத்து வருட சேவை இருந்தால் 58 வயதிலிருந்து மாதப் பென்ஷன் உண்டு. சராசரிச் சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். உங்கள் 14,000 சம்பளத்துக்கு இந்த ஆறு வருடம் மட்டுமே மாதம் 1,200 ரூபாய் பென்ஷன் ஆகிறது, ஆயுள் முழுக்க. பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால் இந்த ஆறு வருடம் போனது போனதுதான். புது கம்பெனியில் முதல் நாளிலிருந்து மறுபடி எண்ண வேண்டும்.

ஆகவே, புது கம்பெனி எச்.ஆரிடம் உங்கள் பழைய யு.ஏ.என். எண்ணையே, அதாவது கம்பெனி மாறினாலும் மாறாத உங்கள் பி.எஃப். அடையாள எண்ணையே கொடுங்கள். புதிதாக ஒரு எண் போட விடாதீர்கள். பிறகு பி.எஃப். இணையதளத்தில் பழைய கணக்கைப் புது கணக்குக்கு மாற்றக் கேட்டு விண்ணப்பியுங்கள். அதற்குக் கட்டணம் கிடையாது. நம்மூர்க்காரர்களுக்கு இதில் வரும் சிக்கல் பெரும்பாலும் இனிஷியல்தான். ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், பி.எஃப்.பில் பின்னால் இருக்கும், இல்லையென்றால் கணவர் பெயர் ஒட்டியிருக்கும். அப்படியானால் நீங்களும் கம்பெனியும் சேர்ந்து தரும் ஜாயின்ட் டிக்ளரேஷன் படிவம் கொடுத்துத் திருத்தலாம். பழைய கம்பெனி நீங்கள் விலகிய தேதியைப் பதிந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். இழுத்தடித்தால் வேலூர் பி.எஃப். அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள்.

அந்த மூணு வட்டிக்கு வருகிறேன். நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். உங்கள் பணத்துக்கு அவர் வருடம் 61,200 ரூபாய் தர வேண்டும். தனக்கும் லாபம் வைத்து இவ்வளவு தர அவர் என்ன தொழில் செய்கிறார் என்று கேளுங்கள். புதிதாக வருகிறவர் பணத்தை எடுத்துப் பழையவருக்குக் கொடுப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. முதல் ஆறு மாதம் ஒழுங்காக வரும், அதைப் பார்த்து அக்கா, நாத்தனார் எல்லாம் நகையை அடகு வைத்துப் போடுவார்கள். 2022-ல் வேலூர், காட்பாடி, ஆற்காடு பக்கம் மாத வட்டியை நம்பிப் பணம் போட்டவர்கள் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்க அலைந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். முதலீட்டாளர் பாதுகாப்புக்குத் தமிழ்நாட்டில் 1997-லேயே சட்டம் வந்துவிட்டது, ஆனாலும் போன பணம் திரும்பக் கைக்கு வர வருடக்கணக்காகும். வேண்டாம்.

சரி, மாதம் மிஞ்சும் 4,000. அதில் 1,000 ரூபாயை மகள் பெயரில் தபால் நிலையத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கில் போடுங்கள். பத்து வயதுக்குள் தொடங்க வேண்டும், நேரம் இருக்கிறது. 8.2 சதவீத வட்டி, 15 வருடம் கட்ட வேண்டும். இதே வட்டி இருந்தால் 21 வருட முடிவில் சுமார் ஐந்தரை லட்சம். 18 வயதுக்குப் பிறகு படிப்புக்குப் பாதிவரை எடுக்கலாம்.

மீதி 3,000 அவசரத்துக்கு. மூன்று மாதச் செலவான 60,000 சேரும்வரை வங்கியில் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். ஏற்றுமதியை நம்பியிருக்கும் வேலை உங்களுடையது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா வரியை 50 சதவீதமாக ஏற்றியபோது ஷூ கம்பெனிகளில் எவ்வளவு பயம் இருந்தது என்று உங்களுக்கே தெரியும். ஆட்டோ எஞ்சின் வேலை வைத்தாலும் இந்தப் பணம்தான் கைகொடுக்கும், அடகுக் கடைக்கு ஓட வேண்டாம்.

எட்டு மாதத்தில் குழு லோன் முடியும். முடிந்த கையோடு ‘அடுத்த லோன் ரெடி’ என்று ஆள் வருவார். தயவுசெய்து வாங்காதீர்கள். விடுபடும் 2,600-ல் 1,500 ரூபாயை, நாட்டின் 50 பெரிய கம்பெனிகளின் பங்குகளில் பணம் போடும் நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில் மாதாமாதம் எஸ்.ஐ.பி.யாகப் போடுங்கள். ஏஜென்ட் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளான் போதும். ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்ந்தால் 20 வருடத்தில் சுமார் 11 லட்சம் ஆகும். அந்த 10 சதவீதம் உறுதியில்லை. 2020-ல் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் நடுவில் நிஃப்டி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது, பிறகு மீண்டது. அப்படிச் சரியும்போது நிறுத்தாமல் இருக்க முடியும் என்றால் மட்டும் தொடங்குங்கள். 15 வருடத்துக்குள் தேவைப்படும் பணத்தை இதில் போடாதீர்கள்.

மிச்சம் 1,100-ல் இருவருக்கும் வங்கியில் பிரதமர் பெயரிலான இரண்டு காப்பீடுகளை எடுங்கள். 2 லட்சம் ஆயுள் காப்பீட்டுக்கு வருடம் 436 ரூபாய், 2 லட்சம் விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாய். உங்கள் கணவருக்கு பி.எஃப்., பென்ஷன் எதுவும் இல்லை, அதனால் அவருக்கு அடல் பென்ஷன் திட்டம் அவசியம். 40 வயதுக்குள் சேர வேண்டும், வருமான வரி கட்டுபவராக இருக்கக் கூடாது. 60 வயதிலிருந்து தேர்வு செய்யும் தொகையைப் பொறுத்து மாதம் 1,000 முதல் 5,000 வரை பென்ஷன் கிடைக்கும். தள்ளிப்போடப் போடத் தவணை ஏறும். அடுத்த முறை வங்கிக்குப் போகும்போது அவரையும் ஆதார், பாஸ்புக்கோடு கூட்டிக்கொண்டு போங்கள்.