அழித்தும் குறையாத இமேஜ்

கேள்வி: எங்கள் நோட் ஜேஎஸ் செயலியை டாக்கர் இமேஜாக, அதாவது செயலியும் அது ஓடத் தேவையானதும் சேர்ந்த ஒரே பொதியாக ஆக்க, அதன் செய்முறையான டாக்கர்ஃபைலை நானே எழுதினேன். கோடில் ஒரு வரி மாற்றினாலும் பில்ட் முடிய 9 நிமிடம் ஆகிறது. இமேஜ் 1.6 ஜிபி. வேண்டாததையெல்லாம் கடைசி வரியில் அழித்தும் அளவு குறையவில்லை. ஃபைலை இணைத்திருக்கிறேன். எங்கே தவறு, சார்?
– ஒரு வாசகி

பதில்: பார்த்தேன். மொத்த கோடையும் முதலில் காப்பி செய்கிறீர்கள், அடுத்த வரியில்தான் பேக்கேஜ்களை இறக்கும் என்பிஎம் இன்ஸ்டால் வருகிறது. நேரம் போவது அங்கேதான். ஒரு வரியும் அது எடுக்கும் ஃபைல்களும் மாறாதவரை, டாக்கர் போன தடவை செய்து வைத்ததையே எடுத்துக்கொள்ளும். ஏதாவது மாறிவிட்டால் அந்த வரியிலிருந்து கீழே உள்ள அத்தனையும் மறுபடி ஓடும். நீங்கள் பட்டன் நிறத்தை மாற்றினால்கூட எல்லா பேக்கேஜும் திரும்ப இறங்குகிறது. பேக்கேஜ் பட்டியல் இருக்கும் பேக்கேஜ் ஜேசன், பேக்கேஜ் லாக் ஜேசன் இரண்டை மட்டும் முதலில் காப்பி செய்யுங்கள். அப்புறம் இன்ஸ்டால், அதற்குப் பிறகு கோடு. நோட் மாட்யூல்ஸ், கிட் ஃபோல்டர்களை, காப்பியில் சேரக் கூடாதவற்றின் பட்டியலான டாக்கர்இக்னோரில் சேர்த்துவிடுங்கள்.

சரி, அழித்த விஷயம். ஒவ்வொரு காப்பி வரியும், கட்டளையை ஓட்டும் ரன் வரியும் ஒரு லேயர், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய தாள் மாதிரி. மேல் லேயரில் அழித்தால் கீழ் லேயரில் இருப்பது கண்ணுக்கு மறையுமே தவிர, போகாது. நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பழைய வேலையிடத்தில் ஒரு எஸ்எஸ்எச் கீயை (சர்வருக்குள் நுழைய உதவும் ரகசிய ஃபைல்) காப்பி செய்து, பேக்கேஜ்களை இறக்கி, அடுத்த ரன் வரியில் கீயை அழித்தேன். இமேஜை ஓட்டி, அந்த கன்டெய்னருக்குள் போய்ப் பார்த்தேன், ஃபைல் இல்லை. நிம்மதியாக, இமேஜ்களைச் சேமித்துப் பகிரும் ரெஜிஸ்ட்ரிக்கு அனுப்பிவிட்டேன். சில வாரம் கழித்து உடன் வேலை பார்த்தவர், இமேஜை ஒரே ஃபைலாக எடுக்கும் டாக்கர் சேவ் போட்டு, வந்த டார் ஃபைலைப் பிரித்து, அந்தக் கீயை முழுசாகத் திரையில் காட்டினார். அன்று ராத்திரியே எல்லா கீயையும் மாற்றினோம். பாஸ்வேர்டு, கீ எதையும் தயவுசெய்து காப்பி வழியாகவோ, மதிப்புகளைக் கொடுக்கும் ஆர்க், என்வ் வரிகள் வழியாகவோ உள்ளே விடாதீர்கள். டாக்கரின் பில்ட் இன்ஜினான பில்ட்கிட்டில் சீக்ரெட் மவுன்ட் இருக்கிறது. அந்த ஒரு ரன் ஓடும்போது மட்டும் ஃபைல் தெரியும், லேயரில் பதியாது.

அளவைக் குறைக்க, ஒரே டாக்கர்ஃபைலில் பல கட்டமாகச் செய்யும் மல்டி ஸ்டேஜ் பில்ட் போதும். 2017இல், டாக்கரின் 17.05 பதிப்பில் வந்தது. முதல் ஸ்டேஜில் முழு நோட் இமேஜை வைத்து பில்ட் செய்யுங்கள். இரண்டாவதை, அவசியமானது மட்டும் உள்ள ஸ்லிம் இமேஜில் தொடங்கி, பில்ட் ஆன ஃபோல்டரையும் ஓடத் தேவையான பேக்கேஜ்களையும் மட்டும் எடுத்துவாருங்கள். லினக்ஸ் மென்பொருள்களை நிறுவும் ஆப்ட் கெட்டில் எதையாவது இறக்கினால், அதன் லிஸ்ட் ஃபைல்களை அதே ரன் வரியிலேயே அழியுங்கள்.

மாற்றி எழுதிய பிறகு டாக்கர் ஹிஸ்டரி போட்டுப் பாருங்கள். எந்த வரி எவ்வளவு எம்பி என்று காட்டும். அப்போதும் குறையவில்லை என்றால் அந்தப் பட்டியலை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.